எறும்புப் புற்றில் கை வைக்கும் குடும்பம்

ஈஸ்டர் என்றால் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் முட்டை ஞாபகம் வரும். எல்மா கோல்வெலுக்கு எறும்பு ஞாபகம்தான் வரும். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவள் காட்டில் கூடாரம் அடித்துக் கிடந்தாக வேண்டியிருந்தது. அது கோல்வெல் குடும்பத்து வழக்கம், யாருக்கும் விலக்கு கிடையாது. மாமனாருக்குக் கால் ஒடிந்த வருஷம்கூட அவரை நாற்காலியோடு தூக்கி வந்து ஆற்றங்கரையில் வைத்தார்கள். மனுஷன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு நாளும் பியர் குடித்தார்.

டாஸ்மேனியாக் காட்டில் அந்த எறும்புக்கு ஜம்பர் என்று பேர். கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், மஞ்சள் வாய். மற்ற எறும்பு போல ஊர்ந்து வராது, துள்ளித் துள்ளி வரும். வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு வாலால் கொட்டும். பெரும்பாலானவர்களுக்கு அரை நாள் எரிச்சலும் கொஞ்சம் வீக்கமும், அதோடு சரி. சிலருக்கு மட்டும் தொண்டை அடைத்து உயிருக்கே உலை வைத்துவிடும். எல்மா அந்தச் சிலரில் ஒருத்தி. அது அவளுக்குத் தெரியவந்த விதம்தான் கொடுமை.

குடும்பத்துக்குள் புதிதாக வருகிற மருமகனோ மருமகளோ, முதல் ஈஸ்டரில் ஜம்பர் புற்றின்மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். வீட்டுப் பெரியவர் முதலில் தன் கையை வைப்பார். பக்கத்தில் புது ஆள் வைக்கவேண்டும். எதிரில் ஒருவர் நின்று ஒரு பாட்டில் பியரைக் குடித்து முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. எடுக்காதவர்தான் கோல்வெல். இதற்காகவே கூடாரத்துப் பக்கத்தில் ஒரு புற்றை விட்டுவைப்பார்கள். மற்றப் புற்றுகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார்கள்.

புதுப்பெண்ணாக எல்மா முறை வந்தபோது, புற்றுக்கு முன்னால் மண்டியிட்டு, "எனக்குப் பயமாருக்கு" என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். மொத்தக் குடும்பமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கையை வைத்தாள். பியர் பாட்டிலைப் பிடித்திருந்தவன் கொழுந்தன் மெர்வ். அவன் வேண்டுமென்றே சொட்டுச் சொட்டாகக் குடித்தான். கொஞ்ச நேரத்தில் எல்மாவின் முகம் புளித்த மாவு போல உப்பியது, கண் இரண்டும் மூடிக்கொண்டன, மூச்சு விசில் அடித்தது. துணிக்குப் போடுகிற நீலத்தைக் குழைத்துக் கையில் தடவி, கூடாரத்துக்குள் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். வெளியே அவர்கள் பாட்டுப் பாடுவது கேட்டது. அதில் புருஷன் டட்லியின் குரல்தான் உரக்கக் கேட்டது. அன்றைக்கு அவள் சாகாமல் பிழைத்தது யார் புண்ணியமும் இல்லை.

டட்லி மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்தான். கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் சாக்கடை. யாருக்கு எது வலிக்கும் என்று பார்த்து அங்கேயே குத்துவான். அன்றிலிருந்து மதுக்கடையிலும், மெர்வ் வீட்டு விருந்திலும், மகள் லினெட்டின் ஞானஸ்நானத்தில் பாதிரியாருக்கு எதிரிலும்கூட, குரலைக் கீச்சென்று மாற்றிக்கொண்டு, "எனக்குப் பயமாருக்கு" என்பான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எல்மாவும் சிரித்துவைப்பாள். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வான்.

ஜம்பர் கடியைப் பற்றி அவனுக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. கடி வாங்க வாங்க உடம்பு உரமேறும் என்பான். அந்தப் பக்கத்து மரவெட்டிகள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். "என் ரத்தம் வினிகர். கடிச்ச எறும்புதான் சாகும்" என்று சொல்லி, ஒரு ஜம்பரைப் பிடித்துப் புறங்கையில் விட்டுக் காட்டுவான்.

எல்மாவுக்கு இரண்டாம் முறை கடி பட்டபோது ஆப்பிள் கட்டும் கொட்டகையில் இருந்தாள். கூட வேலை செய்த பெண்கள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் கண்ணாடிக் குப்பியில் மருந்தும் ஊசியும் கொடுத்து, எப்போதும் கூடவே வைத்திருக்கச் சொன்னார். "போட்டுட்டு நல்லாயிட்டோம்னு சும்மா உக்காந்துறாதீங்க. உடனே இங்க வாங்க. மருந்து இறங்கினதும் திரும்பி வரும்" என்றார். ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகிக்கொள்ளவும் சொன்னார். எல்மா சமையல் மேசையில் உட்கார்ந்து ஆரஞ்சில் குத்திக்கொண்டிருந்ததை டட்லி பார்த்தான். "என்ன, பழத்துக்குக் காய்ச்சலா?" என்று கேட்டான். மறுநாள் அது ஆலை முழுக்கப் பரவியிருந்தது.

அப்போதும் ஈஸ்டர் விலக்கு கிடைக்கவில்லை. கால்சட்டையை முழங்கால் வரை கம்பளிக் காலுறைக்குள் திணித்துக்கொள்வாள். மேசைக் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்துவாள். சுற்றிலும் சாம்பல் கொட்டுவாள். பூட்ஸை மூன்று தரம் தட்டிப் பார்க்காமல் காலை விடமாட்டாள். படுப்பது வண்டிக்குள். "மகாராணி அரண்மனையை விட்டு எறங்கமாட்டாங்க" என்பான் டட்லி.

லினெட் வளர்ந்து அவளுக்குக் கல்யாணம் பேசிய வருஷம், ஜனவரியில்தான் விஷயம் தலைகீழானது. விறகு அடுக்கிக்கொண்டிருந்த டட்லியின் கழுத்தில் ஜம்பர் ஒன்று கொட்டியது. வழக்கம்போல நசுக்கி எறிந்தான். கொஞ்சம் பொறுத்து எல்மா துணி துவைக்கும் அறைக் கதவைத் திறந்தபோது, அவன் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தான். உதடு வீங்கித் தொங்கியது. மூச்சு விசில் அடித்தது. அந்த விசில் எல்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஊசியை எடுக்கத் திரும்பினாள். அவன் காலால் கதவை உதைத்துச் சாத்தினான். அந்த முறை அது தானாக அடங்கியது. சாயங்காலம் மெர்வ் வந்து கேட்டபோது, "சிப்பி தின்னேன், ஒத்துக்கல" என்றான்.

அன்று அவர்கள் வீட்டில் சிப்பியே வாங்கவில்லை.

இந்த லட்சணத்தில் ஈஸ்டர் வந்தது, லினெட் கட்டிக்கொள்ளப்போகிற பையனும் வந்தான். வாரன் என்று பேர். ஹோபார்ட்டில் பள்ளிக்கூட வாத்தியார். வெளுத்த கை, நல்ல சுபாவம். எல்லோரையும் மிஸ்டர், மிஸஸ் என்று அழைத்தான். மாமனார் செத்தபிறகு வீட்டுப் பெரியவன் டட்லிதான். ஆக, மாப்பிள்ளைக்கு முன்னால் புற்றில் கை வைக்க வேண்டியவனும் அவன்தான்.

காட்டுக்குப் போகும் வழியில், வண்டியில் இருவர் மட்டும் இருந்தபோது, எல்மா பேச்சை எடுத்தாள்.

"இந்த வருஷம் கை வைக்கிறது வேண்டாம் டட்லி."

"ஏன், மாப்ள அழுதுருவானா?"

"அவனைச் சொல்லல. ஒன்னைச் சொல்றேன். அது சிப்பி இல்லன்னு எனக்குத் தெரியும்."

டட்லி சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். காது மடல் சிவந்தது.

"அங்க வந்து ஏதாவது வாயத் தொறந்தே, பாத்துக்க" என்றான்.

"நான் தொறக்கமாட்டேன். நீதான் தொறக்கணும். பயமாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. நானே எல்லார்கிட்டயும் பேசி நிறுத்திடறேன்."

"எனக்கா? எறும்பைப் பாத்தா?" என்று சிரித்துவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

எல்மா நல்லவள் என்று சொல்ல வரவில்லை. அவனைக் காப்பாற்ற அவளுக்கு வழி இருந்தது. லினெட்டிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மகள் குறுக்கே விழுந்து தடுத்திருப்பாள். எல்மா சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது. வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துத்தான் இருந்தாள். ஊசி இருந்த பிஸ்கட் டப்பாவைத் தன் கோட்டுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். ஜம்பர்களுக்கு வெயில் என்றால் கொண்டாட்டம். ஆற்றுக்கு மேலே சரளைக்கல் மேட்டில் புற்று கொதித்துக்கொண்டிருந்தது. மெர்வ் பியர் பாட்டிலைத் திறந்து தயாராக நின்றான். அவனுக்கு இந்த வேலையில் மட்டும் சோம்பலே வராது. லினெட் வாரனின் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டாள்.

"என்ன மாப்ளே, வேர்க்குது? பலகையில சாக்பீஸால எழுதுற கைதானே, கொஞ்சம் வீங்கினா எழுத்து பெருசா வரும்" என்றான் டட்லி.

"வலிக்குமா மிஸ்டர் கோல்வெல்?"

"பொம்பளைங்களுக்கு வலிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். வாரனும் சிரித்தான். பிறகு மரியாதையாகக் கேட்டான். "நீங்க முதல்ல வைங்க. எப்படி வைக்கிறதுன்னு பாத்துக்கறேன்."

பாவம், அவன் வஞ்சகமில்லாமல்தான் கேட்டான். டட்லி புற்றைப் பார்த்தான். அப்புறம் தலையைத் தூக்கி எல்மாவைப் பார்த்தான். அவள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. நீயாக வந்து நிறுத்து, பொம்பளை புலம்பினாள் என்று பழியை உன் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறேன் என்று கேட்டது. எல்மா அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"நல்லா உள்ளங்கை பதிய வை டட்லி. மாப்பிள்ளை பாத்துக் கத்துக்கணுமாம்" என்றாள்.

டட்லி மண்டியிட்டான். கையை வைத்தான். பக்கத்தில் வாரனும் கண்ணை மூடிக்கொண்டு வைத்தான். மெர்வ் பாட்டிலைக் கவிழ்த்தான். இந்தத் தடவை ஏனோ மளமளவென்று குடித்தான், ஆனாலும் அது போதுமானதாக இருந்தது. வாரன் கையை உதறிக்கொண்டு ஆட ஆரம்பித்தான். லினெட் அவன் கையில் நீலத்தைப் பூசிக்கொண்டே முத்தம் கொடுத்தாள். மெர்வ் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்து, "நீயும் கோல்வெல்டா" என்றான். அந்தக் கூச்சலில் டட்லி எழுந்து வண்டிகளுக்குப் பின்னால் போனதை யாரும் கவனிக்கவில்லை. எல்மா கவனித்தாள். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, டப்பாவோடு பின்னாலேயே போனாள்.

அவன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கழுத்தெல்லாம் தடித்திருந்தது. இந்த முறை விசில்கூட இல்லை, வாய் சும்மா திறந்து திறந்து மூடியது. எல்மா குப்பியின் கழுத்தை ஒடித்தாள். மருந்தை உறிஞ்சினாள். ஊசியை அவன் தொடைக்கு நேரே பிடித்தாள். பிடித்துக்கொண்டே நின்றாள்.

"சொல்லு" என்றாள்.

அவனால் சொல்ல முடியவில்லை. அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். அதில் இருந்தது பயம்தான், அசல் பயம். ஆனால் கண்ணில் இருப்பதை யார் கேட்டார்கள்? அவளுக்குச் சொல் வேண்டும். உதட்டோரம் நீலம் பூத்தது. அதற்கு மேல் நின்றால் தன் கை கொலைக்கை ஆகிவிடும் என்று தோன்றியது. கால்சட்டைக்கு மேலேயே குத்தி இறக்கினாள்.

மருந்து வேலை செய்யும்போது பார்க்கவேண்டும், செத்தவன் எழுந்து உட்காருவது போல இருக்கும். கை நடுங்க, முகம் வெளுக்க, டட்லி மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அதற்குள் மற்றவர்களும் ஓடி வந்துவிட்டார்கள். லினெட் அழுதுகொண்டே அப்பாவைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இது திரும்பி வரும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள் எல்மா.

டட்லி ஒரு வாய் பியர் குடித்தான். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பேசும்போது குரல் கரகரத்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல. காலையில தின்ன சாசேஜ் சரியில்ல. இவதான் பாவி, ஊசியக் கொண்டுவந்து குத்திட்டா. அதுலதான் நெஞ்சு படபடங்குது. ஆரஞ்சுன்னு நெனைச்சுட்டா போல."

மெர்வ் பகபகவென்று சிரித்தான். லினெட் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வாரன்கூடச் சிரித்தான், வீங்கிய கையை மார்போடு வைத்துக்கொண்டு.

எல்மா சிரிக்கவில்லை. அவளிடம் இருந்தது அந்த ஒரு குப்பிதான். எறும்பு மேட்டில் இன்னும் இரண்டு நாள், கையில் மருந்தில்லாமல்.

"ஊசி தீந்துபோச்சு டட்லி. இப்ப என்னைக் கடிச்சா போட மருந்து இல்ல. வேற வாங்கணும், கூட்டிட்டுப் போ."

"திங்கக்கிழமை போறப்ப வாங்கிக்கலாம். அதுவரைக்கும் மகாராணி வண்டிக்குள்ளயே உக்காரட்டும்" என்றான். அதோடு நிற்கவில்லை. குரலைக் கீச்சென்று மாற்றினான். "எனக்குப் பயமாருக்கு."

சாவி வண்டியிலேயேதான் இருந்தது. எல்மா கூடாரத்துக்குள் இருந்த தன் பையை எடுத்து வண்டியில் போட்டாள். வாரனைத் தனியே கூப்பிட்டாள். "நான் ஊருக்குப் போறேன். மறுபடி மூச்சு முட்டினா ஒன் கார்ல தூக்கிப் போட்டுட்டு வந்துடு. அவரா வாயத் தொறந்து கேக்கமாட்டார்" என்றாள். வண்டியைக் கிளப்பினாள். பின்னால் மெர்வ் ஏதோ கத்தினான், சிரிப்பு கேட்டது.

அந்த வழி மரலாரிகளுக்காக மலையை வெட்டிப் போட்டது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஒரு வண்டிதான் போகலாம். லாரிகள் ஒதுங்க அங்கங்கே அகலப்படுத்தியிருப்பார்கள். எல்மா மெதுவாகத்தான் ஓட்டினாள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் கண்ணாடியில் வாரனின் கார் தெரிந்தது. விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து, விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

ஒதுங்குகிற இடம் கண்ணெதிரே இருந்தது. கொஞ்சம் முன்னால் போனால் போதும். எல்மா அதற்கு முன்பே, நட்ட நடு வழியில், வண்டியை நிறுத்தினாள். சாவியை உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, இறங்கிப் பின்னால் நடந்து போனாள்.

வாரன் தலையை வெளியே நீட்டி, "மிஸஸ் கோல்வெல், வழி விடுங்க, அவருக்கு ரொம்ப மோசமா இருக்கு" என்றான். அவன் குரல் உடைந்துபோயிருந்தது.

எல்மா பின் கதவைத் திறந்தாள். டட்லியின் தலை லினெட்டின் மடியில் கிடந்தது. கண் இரண்டும் கீறல்களாகிவிட்டன. மூச்சு அந்த விசிலோடு வந்துபோனது. ஆனால் இந்த முறை ஏதோ முனகிக்கொண்டிருந்தான், பேச்சு இருந்தது. அதைத்தான் அவள் முதலில் கவனித்தாள்.

"அம்மா, நீ ஏன் நிக்கிறே? வண்டிய எடு" என்றாள் லினெட்.

"ஒரு நிமிஷம்டி. சொல்லு டட்லி."

"அம்மா, என்ன சொல்லணும்? வண்டிய எடும்மா."

"அவருக்குத் தெரியும்."

டட்லிக்குத் தெரிந்திருந்தது. வீம்பு பிடித்தவன்தான், இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்துப் பார்த்தான். மனைவி முகத்தைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற வண்டியைப் பார்த்தான்.

"பயமாருக்கு எல்மா" என்றான்.

"எதைப் பாத்து?"

லினெட் அலறினாள். "அம்மா, நீ மனுஷிதானா?"

"எதைப் பாத்துப் பயம் டட்லி?"

"எறும்பைப் பாத்து" என்றான். சொல்லிவிட்டு அழுதான். வீங்கிய கண்ணிலிருந்து தண்ணீர் வர வழியில்லாமல் பிதுங்கியது.

எல்மாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தது கிடைத்துவிட்டதே என்று உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அதை மறைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை, தலையைத் தூக்கியபோது லினெட் அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்மா போய் வண்டியை முன்னால் எடுத்து ஒதுக்கினாள். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போனது.

டட்லி பிழைத்துக்கொண்டான். அதற்கப்புறம் கோல்வெல்கள் யாரும் புற்றில் கை வைக்கவில்லை. டட்லி ஈஸ்டருக்கு வீட்டிலேயே இருந்தான், வாய் அடங்கிவிட்டது. எல்மாவும் அவனும் முன்னைவிட நன்றாகவே குடித்தனம் நடத்தினார்கள் என்று சொல்லலாம். சாயங்காலங்களில் இருவரும் சேர்ந்து தேநீர் குடித்தார்கள். அந்த வார்த்தையை வாங்கியதற்காக எல்மா ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. லினெட்டை வைத்துக்கொண்டு வாங்கினோமே என்றுதான் வருத்தப்பட்டாள்.

லினெட் கல்யாணம் முடிந்து ஹோபார்ட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். எல்மா எடுத்து, "லினெட், நல்லா இருக்கியா?" என்று கேட்பாள்.

"அப்பா இருக்காரா?" என்பாள் லினெட்.

"இருக்காரு" என்று சொல்லி, எல்மா ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு, டட்லியைக் கூப்பிடப் போவாள்.